ஓட்டோவில் கண்டி: ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது

கண்டி சின்ன நகரம். வாவியை ஒருமுறை சுற்றி வந்தால் மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் வராது. புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகையிலிருந்து பேராதனைப் பூங்கா சுமார் ஆறு கிலோமீற்றர். நகரத்தில் பார்க்க வேண்டியவற்றையெல்லாம் ஒரே நாளில் பார்த்தாலும் ஓட்டோ ஓடுகிற தூரம் 25, 30 கிலோமீற்றர்தான். ஆனால் நாள் முழுக்க ஓட்டோ பிடிப்பவர்கள் கொடுக்கிற காசு அந்த ஓட்டத்துக்கானது அல்ல. மாளிகையில் இரண்டு மணித்தியாலம், பூங்காவில் இரண்டரை, சாப்பாட்டுக்கு ஒன்று, கண்டிய நடனத்துக்கு ஒன்று என்று வண்டி வெளியில் நிற்கிற நேரத்துக்கானது. இதை விளங்கிக்கொண்டு பயணத்தைத் திட்டமிட்டால் செலவும் குறையும், அவசரமும் இராது.

ஓட்டோவை இரண்டு துண்டாகப் பேசுங்கள். காலை 6.15 முதல் 8 மணி வரை ஒரு துண்டு, மதியம் 12 முதல் 4 மணி வரை இன்னொன்று. நடுவில் மாளிகை, தெய்வங்களுக்குரிய நான்கு தேவாலயங்கள், கடைவீதி எல்லாம் கால்நடைத் தூரம். மாலையில் நடனமும் பூசையும் அப்படியே. இந்த நேரங்களில் ஓட்டோக்காரர் வேறு ஹயர் ஓடிக்கொள்வார் என்பதால் அவருக்கும் இது நட்டமில்லை. ஒருவரையே இரண்டு முறையும் வரச் சொல்லித் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள்.

நாளைத் தீர்மானிக்கிற நேரங்கள் மூன்று. மாளிகையில் பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது, அந்த இரண்டு வேளையிலும் பேராதனை வீதியும் வாவியோர வீதியும் நகராது. மூன்றாவது மழை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியம் கழிந்ததும் இடியோடு கொட்டுவது வழமை. இந்த மாதங்களில் வெளியிடங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கவலை குறைவு.

ஹயர் பேசுவது

ரயில் நிலைய வாசலில் சூட்கேசோடு நின்று நாள் ஹயர் பேச வேண்டாம். அங்கே சொல்லப்படுகிற விலை, இப்போதுதான் வந்து இறங்கியவருக்கான விலை. தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிக்மீ அல்லது ஊபர் ஆப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன தொகை காட்டுகிறது என்று பாருங்கள்: தங்குமிடத்திலிருந்து ஆர்தர் சீட் என்ற காட்சிமுனை, அங்கிருந்து பஹிரவகந்த மலைப் புத்தர் சிலை, பிறகு மாளிகை, பேராதனை, திரும்பி வருவது. எல்லாவற்றையும் கூட்டினால் ஓட்டத்துக்கான அடிப்படைத் தொகை கிடைக்கும். அதற்கு மேல் காத்திருப்புக்கு மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று ஓட்டோக்காரரோடு பேசி முடியுங்கள். மலையேற்றமும் காலி ஓட்டமும் இருப்பதால் ஆப் காட்டுகிற தொகையை விட அவர் கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம். இரண்டு மடங்கு கேட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

பேசும்போது ஒரு தொகையை மட்டும் கேட்டுத் தலையாட்டினால் பிறகு தகராறு வரும். எந்தெந்த இடம், எத்தனை மணி வரை, எத்தனை பேர், வாகனத் தரிப்பிடக் கட்டணம் யாருடையது, கடைசியில் எங்கே இறக்கிவிடுவது ஆகிய ஐந்தையும் சொல்லி, அதற்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். காசை முடிவில் கொடுங்கள். வழியில் பெற்றோல் அடிக்கக் கேட்டால் ஒரு பகுதியைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம், முழுவதையும் கொடுக்காதீர்கள்.

மற்றவர்களை விடப் பாதி விலை சொல்கிறவரிடம் கூடுதல் கவனம் தேவை. மிச்சப் பாதி மாணிக்கக் கடையிலிருந்தோ வாசனைத்திரவியத் தோட்டத்திலிருந்தோ பத்திக் கடையிலிருந்தோ அவருக்குக் கொமிஷனாக வரும். நீங்கள் ஒன்றும் வாங்காவிட்டாலும் ஆளுக்கு அரை மணித்தியாலம் உட்கார வைத்து விளக்கம் சொல்வார்கள்; அதற்குள் பூசை நேரம் போய்விடும். ஏறுவதற்கு முன்பே, “கடை ஒன்றுக்கும் போக வேண்டாம், சொன்ன இடங்கள் மட்டும் போதும்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு விலை ஏறினால் அதுதான் உண்மையான விலை. வாவிக்கரையில் நடக்கும்போது யாராவது வந்து “இன்றைக்கு மாளிகை பூட்டு, வேறு விசேஷம் இருக்கிறது, காட்டுகிறேன்” என்றால் நம்ப வேண்டாம். மாளிகை வாசல் வரை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கண்டியில் தமிழ் பேசுகிற ஓட்டோக்காரர்கள் நிறையப் பேர். முஸ்லிம் என்றால் நானா, மலையகத்தவர் என்றால் அண்ணே அல்லது தம்பி என்று கூப்பிட்டால் பேச்சு இலகுவாக நடக்கும். சிங்கள ஓட்டோக்காரர்களில் பலருக்கும் ஹயர் பேசுகிற அளவுக்குத் தமிழ் தெரியும்.

வழிகாட்டல் வேண்டுமென்றால் ஒரு வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருங்கள். ஓட்டோக்காரர் வழியில் கதை சொல்வார், சரியான இடத்தில் நிறுத்துவார், எந்த வாசலால் போகலாம் என்பார். மாளிகைக்குள் வந்து விளக்குவது அவர் வேலையல்ல. அதற்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டையைக் கழுத்தில் போட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து, தமிழில் விளக்குவாரா என்று கேட்டு, தொகையைப் பேசிய பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

ஏறுவதற்கு முன்

பின்சீட்டில் மூன்று பேர், அதுதான் சட்டம். நான்கு பெரியவர்கள் என்றால் இரண்டு ஓட்டோ பிடியுங்கள், இல்லாவிட்டால் சின்ன வேன் ஒன்று. கண்டியில் இது பொலிஸ் பிரச்சினை மட்டுமல்ல. பஹிரவகந்த ஏற்றத்தில் மூன்று பேரோடேயே வண்டி முதல் கியரில் முனகும். நாலாவது ஆள் ஏறினால் நடுவழியில் இறங்கி நடக்க வேண்டி வரும்.

டயரைப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மழையில் அந்த வண்டி வேண்டாம். இரண்டு பக்கமும் மழைப் படங்கு இருக்கிறதா, கொக்கி பூட்டுகிறதா என்று பாருங்கள். கிழிந்த படங்கு என்றால் ஐந்து நிமிட மழையில் மடி நனைந்துவிடும். எஞ்சின் பின்சீட்டுக்குக் கீழே இருப்பதால் சீட்டுக்குப் பின்னாலுள்ள சாமான் இடம் ஏற்றத்தில் நன்றாகச் சூடேறும். மருந்து, சொக்லட், கமரா பற்றரி எதையும் அங்கே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையை வீதிப் பக்கம் தொங்க விடாமல் இருவருக்கு நடுவில் வையுங்கள்.

சாரதி இறக்கத்தில் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுகிறாரா என்பதில் கண் இருக்கட்டும். பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சிலர் அப்படிச் செய்வார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும், மிதித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஹந்தானை இறக்கத்திலும் பஹிரவகந்த இறக்கத்திலும் இது ஆபத்து. “அண்ணே, கியரில் இறக்குங்கோ” என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் முதல் ஏற்றத்திலேயே சொல்லிவிடுங்கள்.

காலை: மேலிருந்து பார்ப்பது

6.15க்குப் புறப்பட்டால் 6.30க்கு ராஜபிஹில்ல மாவத்தையிலுள்ள ஆர்தர் சீட்டில் நிற்கலாம். வாவி, மாளிகை, அதற்குப் பின்னால் உடவத்தகெலே காடு மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கிற இடம் இது. நாள் முழுக்கக் கால்நடையாகத் திரியப்போகிற நகரத்தின் வரைபடம் இங்கேயே மனதில் பதிந்துவிடும் என்பதால்தான் முதலில் இங்கே வரச் சொல்கிறோம். பனி மூடியிருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். வெயில் ஏறியதும் வாவியின் மேலிருந்து கலையத் தொடங்கும். அருகிலேயே வேஸ் பூங்கா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கி ஒன்று அங்கே நிற்கிறது. போர்க்காலத்தில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றிய மவுண்ட்பேட்டன் கொடுத்தது.

கீழே தெரிகிற வாவி இயற்கையானது அல்ல. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டிய நீர்நிலை. கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்கர் வம்சத்தவன் அவன். 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, 1816இல் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். வாவியோரம் அலை அலையாகத் தெரிகிற மதிலும் அவன் காலத்ததுதான். மாளிகைக்கு எதிரேயுள்ள பகுதியில் அதன் மாடங்களைக் கிட்ட நின்று பாருங்கள். எண்ணெய் விளக்கு வைக்கிற அளவில் முக்கோணமாகக் குடைந்திருக்கும். பெரஹர ஊர்வலக் காலத்தில் அவற்றில் விளக்கேற்றுவார்கள்.

ஆர்தர் சீட்டிலிருந்து 6.50க்குள் கிளம்பிவிடுங்கள். ஏழு மணி தாண்டினால் பாடசாலை வேன்கள் நகரத்தை நிறைத்துவிடும். பஹிரவகந்த வெள்ளைப் புத்தர் சிலை 88 அடி உயரம். பின்பக்கப் படியால் தோள் உயரம் வரை ஏறலாம். வானம் தெளிவாக இருந்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காலையில் போவதில் தரை சுடாது என்பதும் ஒரு நன்மை. எட்டு மணிக்கு நகரத்தில் இறங்கி ஓட்டோவை அனுப்பிவிட்டுக் காலைச் சாப்பாடு முடியுங்கள். சைவக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல், பிறகு ஒரு பிளேன்டீ. வயிற்றில் ஏதாவது இல்லாமல் மாளிகை வரிசையில் நின்றால் தலை சுற்றும்.

தலதா மாளிகை

மாளிகைக்கு முன்னாலுள்ள வீதித் துண்டில் வாகனம் போக முடியாது. 1998 ஜனவரி 25 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள். எந்த ஓட்டோவும் குயின்ஸ் ஹோட்டல் மூலையோடு நின்றுவிடும், அங்கிருந்து நடை. நடக்க முடியாத வயதானவர்களைக் கூட்டி வந்தால் இதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். சக்கர நாற்காலியோ தாங்கிப் பிடிக்க ஓர் ஆளோ வேண்டும்.

8.45க்கு வாசலில் நில்லுங்கள். ஆண், பெண் வேறாகச் சோதனை நடக்கும். பெரிய பை, ட்ரோன் எதுவும் கொண்டுவர வேண்டாம். முழங்கால் தெரிகிற காற்சட்டை, கையில்லாச் சட்டை இரண்டுக்கும் அனுமதியில்லை. ஒரு சால்வையும் ஒரு சாரமும் பையில் இருந்தால் வெளியில் அலைய வேண்டியதில்லை. செருப்பை ஒப்படைத்து வில்லையை வாங்குங்கள். மதிய வெயிலில் வெளி முற்றத்துக் கல் கொதிக்கும், காலுறை போட்டுக்கொள்ளலாம். இலங்கையர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு டிக்கட் உண்டு. புலம்பெயர்ந்தவர்கள் தமிழிலோ சிங்களத்திலோ பேசினால் மட்டும் போதாது. இரட்டைக் குடியுரிமை என்றால் இலங்கை ஆவணத்தைக் காட்டுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கடவுச்சீட்டோடு வாருங்கள், சார்க் நாட்டவருக்கு எனக் குறைந்த கட்டணம் சில இடங்களில் இருக்கிறது.

பூசையின்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகிறவர்கள் தவறான இடத்தில் நிற்கிறார்கள். கீழ்த்தளத்தில் மேளக்காரர்கள் வரிசையாக நின்று வாசிப்பார்கள். புனிதப் பல் வைத்திருக்கிற அறை மேல்தளத்தில். மேளம் தொடங்கிய பிறகு மேலே ஓடினால் வரிசை படியைத் தாண்டி நிற்கும். கீழே மேளக்காரரையும் பார்க்க வேண்டும், மேலேயும் போக வேண்டும் என்றால் இரண்டு பேராகப் பிரியுங்கள். அல்லது காலையில் மேலே, மாலை 6.30க்குக் கீழே என்று வையுங்கள். மேலே போகிறவர்கள் ஒன்பது மணிக்கே வரிசையில் நில்லுங்கள். வாசலிலுள்ள கடைகளில் தாமரை, நீலோற்பலம் வாங்கி வந்தால் மேலே நீண்ட பூமேசையில் வைக்கலாம்.

அறைக் கதவு திறந்ததும் வரிசை நகரும். உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். பல்லைப் பார்க்க முடியாது. தங்கத் தாதுகோபம் போன்ற பேழைதான் தெரியும். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பேழைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏமாற மாட்டார்கள். புத்தருக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை, பொலிஸ் வரை போகிற குற்றம். புதன்கிழமைக் காலைப் பூசையோடு நானுமுர என்ற நீராட்டுச் சடங்கும் நடக்கும்.

பூசை முடிந்ததும் பெரும்பாலானோர் வெளியே போய்விடுவார்கள். நீங்கள் பின்பக்கம் அலுத் மாளிகைக்குப் போங்கள். பல் இலங்கைக்கு வந்த கதை முழுவதும் அங்கே ஓவியங்களாக வரிசையில் இருக்கிறது. கலிங்க இளவரசி ஹேமமாலி கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததிலிருந்து படம் படமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம். மேலேயுள்ள அருங்காட்சியகத்தில் 1998இல் இடிந்த மதில்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. பல்லாண்டு காலம் பெரஹரவில் பேழையைச் சுமந்து 1988இல் இறந்த ராஜா யானையின் பாடம் செய்த உடலுக்குத் தனி மண்டபம். அடுத்தது மகுல் மடுவ, மரத்தூண்களோடு திறந்த அரச சபை மண்டபம். 1815 மார்ச் 2இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தம் இங்கேதான் கைச்சாத்தானது. தூண்களின் தாமரைச் செதுக்கலைக் கையால் தொடாமல் பாருங்கள்.

நான்கு தேவாலயங்கள்

மாளிகைக்கு எதிரே நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும், சற்று மேலே விஷ்ணு தேவாலயம், கொட்டுகொடெல்ல வீதியில் கதிர்காமத் தேவாலயம். நான்கையும் நடந்தே முக்கால் மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். தமிழ்ப் பயணிகளில் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவது பெரிய இழப்பு. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி. கதிர்காமத் தேவாலயத்தில் இருப்பது முருகன். சிங்களவர் பூத்தட்டோடு வரிசையில் நிற்கிற அதே சந்நிதியில் நீங்களும் நின்று கும்பிடலாம். புதனும் சனியும் கெம்முற எனப்படுகிற விசேஷ வழிபாட்டு நாட்கள், கூட்டம் அதிகம். அமைதியாகப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் வாருங்கள். நாத தேவாலயத்தின் கற்கட்டடம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நகரத்திலேயே மிகப் பழையது.

நேரமிருந்தால் தேசிய நூதனசாலைக்குப் பின்னால் சிறிது ஏறிப் பழைய படையினர் மயானத்தைப் பாருங்கள். 1815 ஒப்பந்தத்துக்கு வழி செய்த ஜோன் டொய்லியின் கல்லறை அங்கே இருக்கிறது. கால் மணித்தியாலம் போதும்.

சாப்பாட்டை 11.30க்கே முடியுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் நகரத்து முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும், நானா ஓட்டோக்காரரும் பள்ளிக்குப் போயிருப்பார். மதியத் துண்டை 1.15க்குப் பிறகு வைக்காமல் முன்னரே வேறு ஒருவரைப் பேசி வையுங்கள். பாடசாலை விடுகிற நேரத்தில் பேராதனை வீதியில் மாட்டினால் பதினைந்து நிமிட ஓட்டம் ஒரு மணித்தியாலமாகிவிடும்.

பேராதனை

பன்னிரண்டுக்கு ஏறி, வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலை வெளியிலிருந்து கும்பிட்டுக்கொண்டு போங்கள், நடை சாத்தியிருக்கும். பூங்கா 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கினார். ஓட்டோ உள்ளே போகாது. நடக்க முடியாதவர்களுக்கு உள்ளேயே வாடகைக்குச் சின்ன மின் வண்டிகள் கிடைக்கும்; வாசலிலேயே கேளுங்கள், உள்ளே போன பிறகு பிடிப்பது கடினம்.

இரண்டரை மணித்தியாலத்தில் முழுப் பூங்காவையும் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம். ஓர்கிட் வீடு, பெரிய புற்றரையில் குடை போல விரிந்து நிற்கிற ஜாவா அத்தி, ஆற்றோரத்து இராட்சத மூங்கில், பிரமுகர்கள் நட்ட மரங்கள். இவை போதும். 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட நாகலிங்க மரம் இன்றும் காய்க்கிறது. 1961இல் யூரி ககாரின் நட்ட மரமும் இருக்கிறது. பனைகளே வரிசையாக நிற்கிற சாலை ஒன்றும் உண்டு; யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் ஈரமான மலைநாட்டில் பனை எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். உயர்ந்த மரங்களில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது பழவௌவால்கள். கீழே நின்று அண்ணாந்து வாயைத் திறக்காதீர்கள். குரங்குகள் சாப்பாட்டுப் பையைப் பறிக்கும்; பொலித்தீன் சரசரப்புக் கேட்டாலே இறங்கி வரும். இடி முழங்கினால் தனி மரத்தின் கீழ் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

வண்டியைக் காத்திருக்க வைப்பதா என்பது ஆட்களைப் பொறுத்தது. பிள்ளைகள், வயதானவர்கள் இல்லையென்றால் போகும்போது மட்டும் ஓட்டோ பிடித்து, திரும்பும்போது வாசலுக்கு முன்னால் பஸ் ஏறிவிடலாம். கண்டி பஸ்ஸுக்குப் பகலில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. காத்திருக்க வைப்பதானால் அந்தக் காசுக்குப் பலனாகப் பல்கலைக்கழகத்துக்குள் ஏறிக் குறிஞ்சிக் குமரன் ஆலயத்துக்கும் போய் வாருங்கள். மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது, ஏற்றம் செங்குத்து. சந்நிதி திறக்கிற நேரத்தைச் சாரதியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலையையும் இதே நாளில் திணிக்க நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அது பிற்பகலிலேயே மூடிவிடும், திங்கட்கிழமை விடுமுறை. 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது. கொழுந்தை வாட்டி, அரைத்து, சலித்த இயந்திரங்கள் தளம் தளமாக நிற்கின்றன. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் பேராதனையை விட்டுவிட்டு இங்கே போகலாம். தாத்தா பாட்டி உழைத்த இயந்திரங்களைக் காட்ட இதைவிட நல்ல இடமில்லை. அப்போது காலைத் துண்டை நீட்டி, மாளிகையை மாலைப் பூசைக்குத் தள்ளுங்கள்.

மாலை

நாலு மணிக்கு வாவிக்கரையில் இறங்கி ஓட்டோவுக்குக் கணக்குத் தீருங்கள். இனி எல்லாம் நடை. கண்டிய நடனம் ஐந்து மணிக்கு, ஒரு மணித்தியாலம். வாவியோரம் சில மண்டபங்களில் நடக்கிறது. 4.30க்குப் போனால் முன்வரிசை கிடைக்கும். கடைசியில் நெருப்பு மிதிப்பு வெளியில் நடக்கும் என்பதால் முன்வரிசைக்காரர்தான் பின்னுக்குப் போய்விடுவார்கள். நடனம் முடிகிற வேளையில் வாசல் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். ஆறு மணிக்கு முடிந்தால் 6.30 பூசைக்கு நேரம் சரியாக இருக்கும். இருட்டும் வேளையில் வாவியோர மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் அடையும். கீழே நடப்பவர் தலை, சட்டை எதுவும் தப்பாது. குடையை விரித்துக்கொண்டு நடங்கள், அல்லது மறுபக்க நடைபாதையால் போங்கள்.

எசல பெரஹர நடக்கிற ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் இந்தத் திட்டம் செல்லாது. பிற்பகலிலேயே நகர வீதிகளை மூடிவிடுவார்கள். ஓட்டோ வெளிவட்டத்தோடு நின்றுவிடும். அந்த நாட்களில் காலைத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மதியத்துக்குள் உங்கள் இருக்கைக்குப் போய்விடுங்கள். போயா என்கிற பௌர்ணமி நாட்களிலும் மாளிகை நிறையும். பூசைக்கு வெளியில் உள்ள நேரத்தில் போவதுதான் வசதி.

இரண்டாம் நாள் கிடைத்தால்

கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கே என்ற மூன்று கோயில்களுக்கு அரை நாள் வேண்டும். இங்கே மட்டும் ஓட்டோவைத் துண்டாகப் பேசக் கூடாது. கிராமத்து வீதிகளில் திரும்பி வர ஹயர் கிடைக்காது, ஆப்பிலும் வண்டி காட்டாது. காத்திருப்போடு முழுத் தொகையாகப் பேசுங்கள்; போய் வர சுமார் 40 கிலோமீற்றர்.

காலை 7க்கு முன்பே கிளம்பிக் கொழும்பு வீதியால் பிலிமத்தலாவை போய், அங்கிருந்து உள்ளே திரும்பி முதலில் கடலாதெனிய. முழுக்க வெறும் பாறையின் மேல் நிற்கிற கற்கோயில் இது. பத்து மணிக்குப் பிறகு பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அதனால்தான் இதை முதலில் வைக்கிறோம். 1344இல் கட்டியது. தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியர். தூணையும் கூரையையும் பார்த்தவுடனே தமிழ்நாட்டுக் கோயிலின் கை தெரியும்.

அங்கிருந்து சுமார் 3 கிலோமீற்றரில் லங்காதிலக. அதே காலம், அதே மன்னன் நான்காம் புவனேகபாகுவின் ஆட்சி. கட்டியவர் ஸ்தபதி ராயர். பாறையில் வெட்டிய படிகள் மழையில் வழுக்கும், கையைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். கோயில் நிற்கிற பாறையிலேயே சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து தேய்ந்துபோய்க் கிடக்கிறது. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சாய்ந்த காலை வெயிலில்தான் வரி பிடிபடும். எங்கே என்று அங்குள்ளவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். தண்ணீர் தெளிப்பது, சோக்கட்டி பூசுவது எதுவும் கூடாது, கல் கெட்டுவிடும்.

இன்னொரு 3 கிலோமீற்றரில் எம்பக்கே தேவாலயம், கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது. மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், அன்னம், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் என்று சதுரம் சதுரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் தூணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் மண்டபத்தின் ஒரு முனைக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் வந்து ஒரே மர ஆப்பில் பொருந்தியிருக்கும். அதன் பெயர் மடொல் குருப்பாவ. வெளியிலிருந்து உள்ளே வந்ததும் கண் இருட்டாக இருக்கும் என்பதால் தொலைபேசியின் டோர்ச் இல்லாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், மெல்லத் தெரியவரும்.

எம்பக்கேயில் மரச்சிற்பம் செய்கிறவர்களின் பட்டறைகள் வழியிலேயே இருக்கின்றன. மரச்சாமான் வாங்குகிற எண்ணமிருந்தால் நகரத்துக் கடைகளில் வாங்காமல் இங்கே வாங்குங்கள். ஆனால் ஓட்டோக்காரர் கூட்டிப் போகிற பட்டறைக்கு அல்ல, நீங்கள் நடந்து போகிற பட்டறைக்கு. பித்தளை விளக்கு என்றால் திரும்பும் வழியில் பிலிமத்தலாவைக் கொழும்பு வீதியோரக் கடைகளில் பாருங்கள். கையில் தூக்கிப் பாரம் பார்த்து, அடியைத் திருப்பி ஒட்டுத் தெரிகிறதா என்று பார்த்து, பிறகு விலை பேசுங்கள். ஒரு மணிக்கு முன் பேராதனைச் சந்தியைத் தாண்டிவிட்டால் பாடசாலை நெரிசலுக்கு முன்னால் கண்டிக்குள் வந்துவிடலாம்.